ஆற்றுக்கு இந்தப் பக்கமே நின்ற ரயில்

1

இந்த அமெரிக்க நகரத்து ரயிலை இடித்துவிடலாமா, நீட்டலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்கள். ரயில் பெட்டிக்குள்ளேயே அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள். அன்று காலை அதைப் படிக்க என்னைத் தவிர பெட்டியில் யாரும் இல்லை.

ரயில் என்றதும் விருதுநகர் ஸ்டேஷனில் வந்து நிற்கிற நீளமான வண்டியை நினைத்துவிடாதீர்கள். இதில் இரண்டே பெட்டிகள். கடைவீதிக்கு மேலே தூண்களின் மீது, இரண்டாவது மாடி உயரத்தில் ஓடுகிறது. ஓட்டுநர் கிடையாது. தானாக நிற்கும், தானாகக் கதவு திறக்கும், பதிவு செய்த பெண் குரல் ஒன்று நிலையத்தின் பெயரைச் சொல்லும். நீதிமன்றம், வங்கிகள், பெரிய ஓட்டல்கள், மாநாட்டு மண்டபம் என்று ஒரு சுற்றுச் சுற்றி ஆற்றங்கரை வரை போய், அங்கேயே திரும்பிவிடும். ஜனங்கள் குடியிருப்பதோ ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

எண்பதுகளில் இதைப் பேண்டு வாத்தியத்தோடு திறந்தார்கள். நானும் டை கட்டிக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். இதை வடிவமைத்த அலுவலகத்தில் நான் ஒரு பொறியாளர்.

ஓய்வு பெற்ற பிறகு, அதிலும் என் மனைவி போன பிறகு, காலையில் ஏறி ஒரு சுற்று வருவது பழக்கமாகிவிட்டது. முதியவர்களுக்கு இலவசம். என் மகள் சபீனாவுக்கு இது பிடிக்காது. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான்; காரை விட்டு இறங்காதவள். இந்த ரயிலை "பொம்மை ரயில்" என்பாள். "அத்தா, நீ அந்தப் பொம்மை ரயில்ல போய் யாரைப் பார்க்கிற?" என்று கேட்பாள். அவளுடைய தமிழில் 'நீ'யும் 'நீங்க'வும் ஒன்றுதான். அவள் அம்மா இருந்தவரை திருத்திக்கொண்டிருந்தாள். நான் திருத்துவதில்லை. தமிழில் பேசுகிறாளே, அது போதும்.

அன்று அறிவிப்பைப் படித்து முடிப்பதற்குள் ஆற்றங்கரைக் கடைசி நிலையத்தில் ஒரு பெண் ஏறினார். ஓட்டல் சலவைப் பிரிவின் நீலச் சட்டை. ஏறிய கொஞ்ச நேரத்தில் ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. இது அடிக்கடி நடப்பதுதான். பழைய மென்பொருள், உதிரி பாகம் கிடைப்பதில்லை. பதிவுக் குரல் மன்னிப்புக் கேட்டது. எங்கள் காலுக்குக் கீழே கார்கள் போய்க்கொண்டிருந்தன.

பேச்சுக் கொடுத்தார். பெயர் மார்த்தா. வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தை நடந்தே கடந்து, கடைசி நிலையத்துக்கு வந்து ஏறுவாராம். அங்கே லிஃப்ட் பழுதாகி வெகு காலமாயிற்று, படி ஏறித்தான் வர வேண்டும். வேலை முடிகிற நேரத்தில் ரயிலும் கிடையாது. மாலை ஏழுக்கே நிறுத்திவிடுகிறார்கள். திரும்பும்போது முழுக்க நடைதான். "நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார். எங்கும் இல்லை, சும்மா ஒரு சுற்று என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "போக வேண்டிய இடம் எதுவும் இல்லாத ஆளுக்கு இந்த ரயில் பொருத்தமாகத்தான் இருக்கிறது" என்றார். "நான் இதை மியூசியம் என்று சொல்வேன். இதைப் போட்ட ஆள் யாரோ, அவனுக்கு நடந்து போகிற சொந்தக்காரர் ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டார்."

நானும் சிரித்தேன். அந்த ஆள் யார் என்று சொல்லவில்லை. ரயில் கிளம்பியது.

2

நடந்து போகிற சொந்தக்காரர்கள் எனக்கு இருந்தார்கள். வண்டி ஓட்டுகிற அண்ணன் ஒருவரும் இருந்தார்.

எங்கள் அத்தா விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். மூத்தவர் சிக்கந்தர் அண்ணன் அந்தக் காரநெடியில் உட்கார மாட்டேன் என்று சிவகாசிக்குப் போய், பழைய பஸ் ஒன்றை வாங்கி, தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பெட்டி ஒட்டுகிறவர், குச்சி அடுக்குகிறவர் எல்லாருமே ஆபீஸுக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்பே ஆபீஸ் வண்டி கிளம்பி, ஆனைக்குட்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குள் நுழைந்து நுழைந்து, பெண்களை ஏற்றிக்கொண்டு சிவகாசி வந்து சேரும்.

அமெரிக்காவில் போக்குவரத்துப் பொறியியல் படித்து, வேலையும் கிடைத்து, முதல் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். எழுபதுகள். ஒரு நாள் விடியலில் அண்ணனோடு அந்த வண்டியில் போனேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒவ்வொரு ஊரிலும் டிரைவர் ஹாரனை அடித்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொள்வார். ஒரு வீட்டிலிருந்து தூக்குச்சட்டியோடு ஒருத்தி ஓடி வருவாள். இன்னொரு வீட்டுக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வரும்: "செத்த நில்லுங்கண்ணே, கொளம்ப எறக்கி வச்சிட்டு வந்துருதேன்." வண்டி நிற்கும். குழம்பு இறங்கும் வரை நிற்கும். ஏறியவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நான் பார்த்தது கடிகாரத்தைத்தான். அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததாக நினைவே இல்லை. இதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

அன்று மத்தியானமே, அச்சகத்தில் கழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் புது வழித்தடம் வரைந்தேன். வண்டி இனி ஊர்களுக்குள் போகாது. மெயின் ரோட்டோடு நேராக வரும், சில இடங்களில் மட்டும் நிற்கும். பெண்கள் அங்கே நடந்து வந்து ஏறிக்கொள்ள வேண்டும். டீசல் மிச்சம், நேரம் மிச்சம், ஒரே வண்டி இரண்டு நடை அடிக்கலாம்.

அண்ணன் தாளை வெகுநேரம் பார்த்தார். "அம்புட்டுப் பேரும் நடந்து வருவாகளா?" என்று மட்டும் கேட்டார்.

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தால் வருவார்கள், ஜனங்களை நாம்தான் பழக்க வேண்டும் என்றேன். அமெரிக்காவில் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அண்ணன் சரி என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். மெயின் ரோட்டில் நான் குறித்த இடத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அடுத்த இடத்திலும் அப்படியே. ஹாரன் இல்லை, காத்திருத்தல் இல்லை. பாதிப் பேரின் சேலையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. வயற்காட்டு வழியாக வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஏறும்போது ஒருத்தி என்னைப் பார்த்து, "என்ஜினியர் தம்பி நல்லாத்தான் பாதை போட்டுக் குடுத்தீக, மகராசனா இருங்க" என்றாள். வண்டி மொத்தமும் சிரித்தது. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அம்மாவோ, என் மகன் சொல்லித்தான் ஆபீஸ் வண்டி நேரத்துக்குப் போகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டது.

விடுமுறை முடிந்து விமானம் ஏறினேன். அந்தக் காலை நேரத்து வரிசையையும் மனதில் எடுத்துக்கொண்டுதான் ஏறினேன்.

3

எண்பதுகளில் இந்த ரயிலைத் திட்டமிட்டபோது முதலில் வரைந்த பாதை ஆற்றைக் கடந்துதான் போயிற்று. அந்தக் கரையில் இரண்டு நிலையங்கள். பிறகு பணம் பற்றாமல் போனது. ஒன்று, ஆற்றைக் கடக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டல்களையும் மாநாட்டு மண்டபத்தையும் சுற்றி வர வேண்டும். இரண்டும் முடியாது.

அலுவலகத்தில் பெரிய கூட்டம் நடந்தது. எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர் ஆற்றைக் கடந்தே ஆக வேண்டும் என்று வாதாடினார். பெட்டியில் உட்கார ஆள் வேண்டாமா, ஆள் அங்கேதானே இருக்கிறது என்றார். தலைமைப் பொறியாளர் என் பக்கம் திரும்பி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். அந்த அறையில் அதுவரை என்னிடம் கணக்குத்தான் கேட்டிருக்கிறார்கள். கருத்துக் கேட்டது அதுவே முதல் தடவை.

நான் சிவகாசியைச் சொன்னேன். எங்கள் ஊர்த் தொழிற்சாலை வண்டி, காலண்டர் தாளில் வரைந்த பாதை, மெயின் ரோட்டில் வரிசையாக நின்ற பெண்கள், எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி ஒழுங்காக வந்தால் ஜனங்கள் நடந்து வருவார்கள், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். இந்தியக் கிராமத்தில் இருட்டில் நடக்கிறார்கள். இங்கே விளக்குப் போட்ட பாலம், நடக்க மாட்டார்களா என்று கேட்டேன். அறைக்குப் பிடித்துப்போயிற்று. சிரித்தார்கள், கேள்வி கேட்டார்கள். அந்தக் கதையைத் தலைமைப் பொறியாளர் பிறகு விருந்துகளில்கூடச் சொல்லியிருக்கிறார். மூத்த பொறியாளர் மட்டும் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

அந்தக் கரை நிலையங்கள் இரண்டையும் வரைபடத்திலிருந்து எடுத்தார்கள். எடுக்க வேண்டிய கோடுகளைக் காட்டிக்கொடுத்தவன் நான்.

ஜனங்கள் நடந்து வரவில்லை. பாலத்தின் மேல் குளிர்காலத்தில் அடிக்கிற காற்று எப்படிப்பட்டது என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆள் குறைந்தது; ஆள் குறைந்ததால் நேரத்தைக் குறைத்தார்கள்; நேரம் குறைந்ததால் இருந்த ஆளும் போயிற்று. இத்தனை வருடமும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்றுதான். இந்த ஊர் ஜனங்கள் சோம்பேறிகள், எங்கள் ஊர்ப் பெண்கள் நடந்தார்களே.

4

மார்த்தாவைப் பார்த்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்தேன். பலசரக்குக் கடையில் வாங்குகிற காலிங் கார்டில்தான் இப்போதும் பேசுகிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம். அண்ணனுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, காது மந்தம், வண்டிகளை அவருடைய பையன்கள் பார்க்கிறார்கள். ஆனாலும் சீசன் வந்துவிட்டால் எல்லாப் பட்டாசு லோடும் அவர் தலையில்தான் ஏறுகிற மாதிரி பேசுவார்.

முதலில் சபீனா பேசினாள். "பெரியத்தா, நீ நல்லா இருக்கியா?" என்றாள். அண்ணன் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கே கேட்டது. இந்த வயதில் தன்னை நீ என்று கூப்பிட ஒரு பிள்ளையாவது இருக்கிறதே என்பார்.

பிறகு நான் வாங்கிப் பேசினேன். ரயிலை இடிக்கப் போகிறார்கள், அதற்கு ஒரு கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். நான் போட்ட ரயில் என்று அவருக்குத் தெரியும். ஏன் என்று கேட்டார். யாரும் ஏறவில்லை, நடந்து வர மாட்டேன் என்கிறார்கள் என்றேன். பேச்சோடு பேச்சாக, "நம்ம ஊருப் பொம்பளைக எப்படி வந்து வரிசையா நின்னாக, நெனவிருக்காண்ணே?" என்று கேட்டேன்.

அண்ணன் அங்கே யாரையோ கதவைச் சாத்தச் சொன்னார். 

"ஏலே சாகுலு, ஒண்ணு சொல்லுதேன், கோவிக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"அவுக நடந்து வரலலே. மொத நாளு வண்டிய ரோட்டுல நிப்பாட்டுனா ஒரு குருவி வரல. சின்னப் பிள்ளைகள இருட்டுக்குள்ள மெயின் ரோட்டுக்கு எந்த ஆத்தா விடுவா? நான் மறுநாளே ஒரு டிராக்டரப் பிடிச்சேன். அது வெள்ளெனப் போயி ஊருக்குள்ள எல்லாரையும் ஏத்தியாந்து, நீ குறிச்ச எடத்துல எறக்கி விட்டுரும். அதுக்குப் பெறகுதான் உன்னயக் கூட்டியாந்து காட்டுனேன்."

வைக்கோல். அந்தச் சேலைகளில் ஒட்டியிருந்த வைக்கோல் டிராக்டர் பெட்டியிலிருந்து வந்தது.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"எப்படிலே சொல்ல? அம்புட்டுத் தூரம் படிச்சிட்டு வந்து மொத மொதல்ல சொன்ன காரியம். அம்மா வேற தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுது. ஒரு மாசம்தான, நீ பிளேன் ஏறுற வரைக்கும் ஓட்டிருவோம்னு ஓட்டுனேன். நீ ஏறுன மறுநாளே டிராக்டர அனுப்பிட்டேன். வண்டி பழையபடி ஊருக்குள்ள போயிருச்சு. அந்தப் பொம்பளைக கிட்டயும் சொல்லித்தான் வச்சிருந்தேன், தம்பி மொகத்துக்கு நேரா யாரும் சிரிச்சிராதீகன்னு."

கார்டுக்குள் இருக்கிற குரல் குறுக்கே வந்து, இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னது. நான் அவசரமாக, அந்தக் கதையை நம்பித்தான் இங்கே இரண்டு நிலையங்களை எடுக்கச் சொன்னேன் என்பதைச் சொல்லி முடித்தேன். அண்ணனுக்கு முழுதும் கேட்டதா என்று தெரியவில்லை. தொடர்பு அறுந்தது.

அன்று முழுக்க அண்ணன் மேல் கோபமாக இருந்தேன். மறுநாள் அந்தக் கோபத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. டிராக்டரை அவர் அமர்த்தியிருக்கலாம், ஆனால் அந்த ஊர்களில் ஒரு வீட்டு வாசலிலாவது இறங்கி, எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், யாரோடு நடப்பாய் என்று நான் கேட்டிருந்தால் எந்த டிராக்டரும் என்னை ஏமாற்றியிருக்க முடியாது. இங்கேயும் அதே கதைதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிலையங்களை வரைந்தபோதும் போகவில்லை, அழித்தபோதும் போகவில்லை. சபீனாவைப் படிக்கவைத்து, வீடு வாங்கி, ஓய்வும் பெற்றாயிற்று. இன்றுவரை அந்தத் தெருக்களில் நான் கால் வைத்ததில்லை.

புதுக் கார்டு வாங்கி மறுபடி கூப்பிட்டேன். நான் சலாம் சொல்வதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். அவரும் தூங்கவில்லை போலிருக்கிறது.

"அப்ப அதுல பாதி எம்மேல இருக்குலே" என்றார். "நீ அந்தக் கூட்டத்துக்குப் போ. எங்கண்ணன் என்னய ஏமாத்திட்டான்னே சொல்லு. எம்பேரச் சொல்லு. சிக்கந்தர்னு சொல்லு. சொன்னா அங்கன என்னய யாருக்குத் தெரியும்?"

5

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு சபீனாதான் காரில் கூட்டிப்போனாள். ரயிலைப் பற்றிய கூட்டம், மாலை ஏழுக்கு ரயில் நின்ற பிறகுதான் தொடங்கியது. முதல் பனி விழுந்து ஓய்ந்திருந்தது. வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ரோட்டைப் பார்த்தே ஓட்டினாள்.

மண்டபத்தில் ஓர் இளைஞர் திரையில் படங்கள் காட்டினார். ரயிலை எடுத்துவிட்டு, தூண்களின் மேல் பூச்செடி வைத்து நடைபாதை ஆக்கலாம் என்பது ஒரு யோசனை. அழகாகத்தான் இருந்தது. மற்றொன்று, பாதையைப் பாலத்தின் மேல் நீட்டி அந்தக் கரைக்குக் கொண்டுபோவது. அதற்குச் செலவு அதிகம். பேசியவர்களில் பெரும்பாலோர் இடிக்கத்தான் சொன்னார்கள். ஆள் ஏறாத ரயிலை ஏன் நீட்ட வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கையில் எழுதிக் கொண்டுபோன தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினேன். இந்த ரயிலை ஆற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்தச் சொன்னவன் நான் என்றேன். ஆபீஸ் வண்டியையும், காலண்டர் தாளையும், வரிசையையும், டிராக்டரையும் சொன்னேன். என் அண்ணன் பெயர் சிக்கந்தர் என்றும் சொன்னேன். அவர் என் மேல் வைத்த அன்பால் அப்படிச் செய்தார், அதை நான் பாடமாக எடுத்துக்கொண்டு வந்து உங்கள் ஊரில் போட்டேன் என்றேன். ரயிலுக்கு ஆள் வரவில்லை என்று இடிக்காதீர்கள், அது ஆள் இருக்கிற இடத்துக்கு இன்னும் போகவே இல்லை. பாலத்தைக் கடந்து கொண்டுபோங்கள், ஓட்டல் வேலை முடிகிற நேரம் வரை ஓட்டுங்கள், லிஃப்டைச் சரிசெய்யுங்கள், பஸ்ஸை நிலையத்துக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்றேன். என் நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள்.

மேடையிலிருந்த ஒரு நகரசபை உறுப்பினர், வயதான பெண்மணி, ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்கள் ஊரை விட்டுப் போன பிறகு உங்கள் அண்ணன் என்ன செய்தார்?"

"மறுநாளே வண்டியை ஊருக்குள் விட்டார்" என்றேன்.

அவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். இதை எழுதுகிற இன்றுவரை முடிவு தெரியவில்லை. இடித்தாலும் இடிப்பார்கள்.

வீடு போவதற்கு ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை. ஆனால் சபீனா காரைப் பாலத்துக்கு விட்டாள்.  பாதிப் பாலத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் நடந்து போய்க்கொண்டிருந்தார். கோட்டுக்குக் கீழே நீலச் சட்டை தெரிந்தது. மார்த்தாதான் என்று சபீனாவிடம் சொன்னேன்.

சபீனா வேகத்தைக் குறைத்து, ஹாரனை ஒரு தடவை மெல்ல அடித்தாள். ஆனைக்குட்டத்துப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டால் ஒரு வீட்டுக் கதவாவது திறக்கும். மார்த்தா திரும்பாமல் இன்னும் வேகமாக நடந்தார். இந்த ஊரில் தனியாகப் போகிற பெண்ணுக்கு ஹாரன் அடித்தால் அதற்கு வேறு அர்த்தம். கண்ணாடியை இறக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்து, "மியூசியத்து ஆளா?" என்றார்.

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டார். ரயிலைப் பற்றிய கூட்டத்திலிருந்துதான் வருகிறோம், அந்த ரயிலைப் போட்ட ஆள் நான்தான் என்று அப்போது சொன்னேன்.  "கூட்டத்தில் சொன்னீர்களா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். "சரி" என்றார். மன்னித்ததாகவும் இல்லை, திட்டியதாகவும் இல்லை.

பாலம் முடிந்தது. மெயின் ரோட்டில் இறக்கிவிட்டால் போதும், உள்ளே தெருவெல்லாம் பனி, கார் சிரமப்படும், நான் நடந்துகொள்வேன் என்றார் மார்த்தா.

சபீனா என்னைப் பார்த்தாள். "அத்தா, உள்ளே போவோம்ல?" என்று தமிழில் கேட்டாள். கேட்டுக்கொண்டே வண்டியைத் திருப்பிவிட்டாள்.